சரிபாதி தூரம்

"ரெண்டு மணி நேரம்கூட இல்ல. நீ வேலைக்குப் போய்ட்டு வர்றதுக்கே அவ்வளவு ஆகும்" என்றான் பெரியவன், தங்கையிடம்.

சொன்னதோடு விடவில்லை, கைப்பேசியில் ஒரு படத்தையும் அனுப்பினான். சின்னவள் இருந்த ஊரின் விமான நிலையத்திலிருந்து அவன் இருந்த ஊரின் விமான நிலையத்துக்கு, வரைபடத்தின் மேல் நீலக் கோடு ஒன்று வில்லாக வளைந்து போயிற்று. ஆயிரத்து நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், பறக்கும் நேரம் ஒன்றே முக்கால் மணி என்று கீழே போட்டிருந்தது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஏதோ ஒரு கணினி நூல் பிடித்து அளந்த கணக்கு. அந்த நூலின் மேல் ஒரு விமானமும் பறக்கவில்லை என்பதை அந்தப் பக்கம் சொல்லவில்லை. பெரியவனும் அதைப் பற்றி யாரையும் கேட்கவில்லை.

அப்பாவை யார் வைத்துக்கொள்வது என்ற பேச்சு, அவருக்கு அறுவை சிகிச்சை நடந்த வாரமே வந்துவிட்டது. குடலில் இருந்த கட்டியை வெட்டி எடுத்த மருத்துவர்கள், இடது பக்க வயிற்றில் ஒரு துவாரம் வைத்து, அதன் மேல் ஒரு பையை ஒட்டி அனுப்பியிருந்தார்கள். இனி வெளியே வர வேண்டியதெல்லாம் அந்தப் பைக்குள்தான் வந்து விழும். ஆளுக்கு ஆறு மாதம் என்று பெரியவன்தான் சொன்னான். முதல் ஆறு மாதம் சின்னவள் வீட்டில். அவள் ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர். ரத்தமும் சீழும் மலமும் தோய்ந்த விரிப்புகள் வண்டி வண்டியாக வந்து விழுகிற இடம் அது. "உனக்கு இதெல்லாம் பழக்கம்தானே" என்று அண்ணி ஒருமுறை போனில் சொன்னாள். பாராட்டுகிற குரலில்தான் சொன்னாள்.

ஆறு மாதம் எட்டாகி, எட்டு பத்தாயிற்று. பெரியவனுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் அகப்பட்டது. பிள்ளைகளுக்குப் பரீட்சை, வீட்டுக்குப் பெயிண்ட், அண்ணிக்கு ஒற்றைத் தலைவலி. சின்னவளின் கணவன் லிஃப்ட் மெக்கானிக். சாதாரணமாக வாயைத் திறக்காத மனிதன். அவனே ஒருநாள் தட்டில் கை கழுவாமல் உட்கார்ந்து கேட்டான்: "உங்கண்ணன் வீட்டுக் கதவு என்ன, வெளியிலேர்ந்து திறக்காதா?"

அன்றே அவள் போன் செய்தாள். பெரியவன் உடனே ஒப்புக்கொண்டான். டிக்கெட்டையும் தானே போடுவதாகச் சொன்னான். ஒரே ஒரு சங்கடம், கூட்டிக்கொண்டு போக அவனால் வர முடியாது. அவன் ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் கிளை மேலாளர், தணிக்கைக்கு ஆட்கள் வந்திருக்கிறார்கள்.

"அப்போ ரயில்ல வர்றோம்ணா. அப்பா படுத்துக்கிட்டே வரலாம், கழிவறை பக்கத்துலயே இருக்கும். டாக்டரும் அதைத்தான் சொன்னாரு."

"ரயிலா? அந்த நாத்தத்துல ரெண்டு நாள் எப்படி உக்காருவ? கூட வர்றவன் என்ன நினைப்பான்? பிளேன்னா கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள வந்துடலாம்."

அந்த நாற்றம் என்று சொன்னவன், அதை முகர்ந்து பார்க்கிற தூரத்துக்குப் பத்து மாதமாக வந்ததே இல்லை.

டிக்கெட் வந்தது. ஒன்றல்ல, மூன்று. முதல் விமானம் தெற்கே போய் ஒரு பெருநகரத்தில் இறக்கிவிடும். பெரியவன் வீடு இருப்பதோ வடக்கே. அங்கே அரை நாள் காத்திருந்து இன்னொன்றைப் பிடித்து, பாதி வழியில் இருக்கும் ஒரு சின்ன ஊருக்கு வர வேண்டும். அங்கே மறுபடியும் உட்கார்ந்திருந்து மூன்றாவதில் ஏற வேண்டும். மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டு, "தலையைச் சுத்தி மூக்கைத் தொடச் சொல்றாரா?" என்றான்.

"அவன் நல்ல எண்ணத்துலதான் பண்ணியிருக்கான்" என்றார் அப்பா.

அப்பா ஊரில் முப்பது வருடம் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தியவர். அந்தப் பக்கத்தில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். கிளட்ச் வாத்தியார் என்றால்தான் தெரியும். யார் எதை ஓட்டினாலும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவருடைய வலது கால் தானாகப் பிரேக்கை அழுத்தும்.

கிளம்பிய அன்று விடியற்காலையில் அவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார். மகன் வீட்டுக்குப் போகிற களை முகத்தில் தெரிந்தது.

அந்தக் களை முதல் விமான நிலையத்தின் சோதனைக் கூண்டிலேயே போய்விட்டது. கையுறை போட்ட காவலர் அவர் உடம்பைத் தடவிக்கொண்டே வந்து, வயிற்றில் பொதபொதவென்று ஏதோ தட்டுப்பட்டதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"என்னது இது?"

"என் சொத்து" என்றார் அப்பா.

காவலர் சிரிக்கவில்லை. சட்டையைத் தூக்கச் சொன்னார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். திரைக்குப் பின்னால் கூட்டிப் போங்கள் என்று சின்னவள் சொன்னது யார் காதிலும் விழவில்லை. அப்பா சட்டையைத் தூக்கினார். பழுப்பு நிறப் பை, அதன் அடியில் கொஞ்சம் கனம். காவலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையுறையை உரித்துக் கூடையில் போட்டார். அங்கே கிடந்த மற்ற கையுறைகளைவிட அதைத் தள்ளிப் போட்டதாகச் சின்னவளுக்குத் தோன்றியது.

பிறகு அவள் கைப்பையைக் கிளறினார்கள். அதிலிருந்த சின்னக் கத்தரிக்கோலை எடுத்து வைத்துக்கொண்டார்கள். பையின் மேல்பக்கம் பிசின் தடவிய ஒரு வட்டத் தகடு இருக்கும். வயிற்றுத் துவாரத்தின் அளவுக்கு அதன் நடுவில் ஓட்டை வெட்டித்தான் ஒட்ட வேண்டும். அளவு தப்பினால் கசியும். சின்னவள் எவ்வளவோ விளக்கிப் பார்த்தாள். கூர்மையான பொருளுக்கு அனுமதி இல்லை என்ற ஒரே பதில்தான் வந்தது. நல்லவேளை, ஒரு பையை வீட்டிலேயே வெட்டி வைத்திருந்தாள். ஒரு பகல் பயணத்துக்கு அதற்கு மேல் எதற்கு என்றும் நினைத்திருந்தாள்.

விமானம் மேலே ஏற ஏற, பையும் உப்பிக்கொண்டே வந்தது. உயரத்தில் காற்று விரியும் என்பது அவளுக்குத் தெரியாது, மருத்துவரும் சொல்லவில்லை. அப்பாவின் வெள்ளைச் சட்டைக்குள் பலூன் மாதிரி ஒன்று எழும்பி நின்றது. அவர் இரண்டு கையாலும் அதைப் பொத்திக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். வலது கால் மட்டும் முன் இருக்கைக்கு அடியில் விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் வாசனை வந்துவிட்டது.

பக்கத்து இருக்கைக்காரர் முதலில் செருமினார். பிறகு கைக்குட்டையை எடுத்தார். பிறகு பணிப்பெண்ணைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். பின்வரிசையில் அவருக்கு வேறு இடம் கிடைத்தது. போகும்போது, "இந்த மாதிரி ஆளுங்களை எல்லாம் ஏத்துறாங்க பாருங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். பணிப்பெண் ஒரு குப்பியோடு திரும்பி வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அப்பாவின் தலைக்கு மேல் இரண்டு தடவை புஸ் புஸ்ஸென்று அடித்தாள். ஏதோ மலரின் வாசனை. கரப்பான் பூச்சிக்கு மருந்து அடிப்பதைப் போலத்தான் இருந்தது. மலமும் மலரும் கலந்த அந்த நெடி முன்னதைவிட மோசமாக இருந்தது.

"வண்டி நல்லாத்தான் ஓட்டுறான். திருப்பத்துலதான் கொஞ்சம் அவசரப்படுறான்" என்றார் அப்பா, யாரும் கேட்காமலே.

பெருநகரத்து விமான நிலையத்தில் கழிவறை பளபளவென்று இருந்தது. வெட்டி வைத்திருந்த பையை அப்பாவே உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தார். கண்ணாடிச் சுவர், வாசனைத் திரவியக் கடைகள், உயரமான விளம்பரப் பலகையில் சிரிக்கும் வெள்ளைத் தலை தம்பதி. அப்பாவுக்கு அவள் ரொட்டி வாங்கிக் கொடுத்தாள். அவர் ஒரு விள்ளல் தின்றுவிட்டு மடித்து வைத்துவிட்டார். சாப்பிட்டால் பை நிறையும் என்ற பயம். தண்ணீர்கூட உதட்டை நனைக்கிற அளவுக்குத்தான்.

இரண்டாவது விமானம் சின்னது. இறக்கையில் விசிறி சுற்றுகிற ரகம். வழியெல்லாம் குலுக்கி எடுத்தது. பாதி வழி ஊரில் தரை தொட்டபோது அப்பாவின் சட்டையில் இடது பக்கம் ஈரமாக ஒரு வட்டம் விழுந்திருந்தது. படி இறங்குவதற்குள் அந்த வட்டம் பெரிதாகி, பேண்ட் வரைக்கும் இறங்கிவிட்டது.

அந்த ஊரின் விமான நிலையம் ஒரு பெரிய கிடங்கு மாதிரி. இரண்டு வரிசை நாற்காலி, ஒரு தேநீர் இயந்திரம். சக்கர நாற்காலி படம் போட்ட கழிவறை பூட்டிக் கிடந்தது. சின்னவள் ஒரு துப்புரவுப் பெண்ணைத் தேடிப் பிடித்தாள். "அதுல சாமான் வெச்சிருக்கோம்" என்றாள் அவள். சின்னவள் அப்பாவைக் காட்டினாள். அந்தப் பெண் பார்த்துவிட்டு, மூக்கைச் சுளித்து, சாவியை எடுத்தாள். "சீக்கிரம் முடிங்க. மேலதிகாரி பாத்தாருன்னா எனக்குத்தான் பேச்சு விழும்."

உள்ளே துடைப்பங்களும் வாளிகளும் அழுக்குத் துணி மூட்டையும் கிடந்தன. அப்பாவைக் கழிவறை மூடியின் மேல் உட்கார வைத்துச் சட்டையைக் கழற்றினாள். பை ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. வயிற்று ரோமத்திலும் இடுப்பு எலும்பின் பள்ளத்திலும் அப்பியிருந்தது. துவாரம், ஈரமான சிவப்புச் சதை, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் கக்கியது.

சலவைக்கூடத்தில் எத்தனையோ பார்த்தவள். ஆனால் அங்கே வருவது துணி, அதற்கு முகம் கிடையாது. இங்கே அதற்கு மேலே அப்பாவின் முகம் இருந்தது. அவள் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு தொட்டியில் வாந்தி எடுத்தாள். இரண்டு தடவை. வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கே குமட்டுது, உனக்கு வராதாம்மா?" என்றார்.

"பேசாம இருங்கப்பா."

புதுப் பை இருந்தது, வெட்டக் கத்தரி இல்லை. துப்புரவுப் பெண்ணிடமும் இல்லை. சின்னவள் தகட்டை வாயில் வைத்துப் பல்லால் கடித்தாள். பிசின் கசந்து நாக்கில் ஒட்டியது. கடித்துத் துப்பி, கடித்துத் துப்பி, கோணல்மாணலாக ஒரு ஓட்டை செய்தாள். அப்பா சுவரில் ஒட்டியிருந்த ஏதோ அறிவிப்பை விடாமல் படித்துக்கொண்டிருந்தார். ஓட்டை பெரிதாகிவிட்டது. எப்படி அழுத்தினாலும் ஒரு மூலை எழும்பியே நின்றது.

வெளியே வந்து பெரியவனுக்குப் போன் போட்டாள். நடந்ததைச் சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"சரி சரி, முக்கால்வாசி வந்தாச்சு. இன்னும் ஒரு மணி நேரம்தான். கொஞ்சம் சமாளி" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு பண்ணு. இங்க இறங்கினதும் நேரா வீட்டுக்கு வராத. பக்கத்துல ஒரு ஹோட்டல் சொல்றேன், அங்க அப்பாவை நல்லா குளிப்பாட்டி, துணி மாத்திக் கூட்டிட்டு வா. வீட்ல சோபா எல்லாம் புதுசு. உங்க அண்ணிக்கு வேற வாசனைன்னாலே தலைவலி வரும்."

சின்னவள் போனை வைத்துவிட்டாள்.

அந்த ஒரு மணி நேரமும் நடக்கவில்லை. ஏறும் வாசலில் டை கட்டிய ஒரு இளம் அதிகாரி அவர்களை வரிசையிலிருந்து ஓரமாக அழைத்தான். மரியாதையாகத்தான் பேசினான். முந்தைய விமானத்தில் பயணிகள் புகார் சொல்லியிருக்கிறார்கள், இந்த நிலையில் ஏற்றிக்கொள்ள முடியாது, நாளை மறுநாள் அடுத்த விமானம், அதற்குள் மருத்துவரிடம் காட்டிவிட்டு வாருங்கள் என்றான். பேசி முடிக்கும்வரை அவன் மூச்சு விடவே இல்லை. முடித்ததும் நாலு அடி பின்னால் போய் ஆழமாக ஒரு மூச்சு வாங்கினான்.

"அவன் வேலை அப்படி. விடும்மா" என்றார் அப்பா. அவர் கண் தரையைப் பார்த்தது.

கண்ணாடிக்கு வெளியே விமானம் நகர்ந்து, ஓடி, மேலே போயிற்று. சின்னவள் மறுபடி போன் செய்தாள்.

"எங்களை ஏத்தலண்ணா. நீ கிளம்பி இங்க வா. வந்து உங்கப்பாவை நீ கூட்டிட்டுப் போ."

"நானா? எனக்குத் தணிக்கை நடக்குதுன்னு சொன்னேன்ல?"

"ஒரு மணி நேரம்தானே. உன் கணக்குப்படி."

"இன்னைக்கு அங்க வர்றதுக்கு விமானமே இல்லையே. அது ஒருநாள் விட்டு ஒருநாள்தான்."

"அது எனக்குத் தெரியாதுண்ணா. நீதான் கோடு போட்டு அனுப்பின."

விமான நிலையத்துக்கு எதிரே ஒரு தங்கும் விடுதி இருந்தது. அறையின் கம்பளத்தில் கால் வைத்தால் ஒட்டியது. தலையணை உறையில் மஞ்சள் வட்டம். அதை எத்தனை டிகிரி வெந்நீரில் போட்டால் போகும் என்று அவள் மனம் தன் போக்கில் கணக்குப் போட்டது. குளியலறை வடிகாலில் வேறு யாரோ விட்டுப்போன முடிக் கற்றை ஒன்று சுருண்டு கிடந்தது. அப்பாவைக் குளிப்பாட்டிப் படுக்க வைத்தாள். பக்கத்து மருந்துக் கடையில் கத்தரிக்கோல் வாங்கி வந்தாள். அவர் துணியை மூன்று தண்ணீரில் அலசினாள். கையை எத்தனை தடவை கழுவியும் வாசனை போகவில்லை. சாப்பிடும்போது விரலை முகராமல் சாப்பிடப் பார்த்தாள், முடியவில்லை. தட்டை நகர்த்தி வைத்துவிட்டாள். அப்பா கொஞ்சம் கஞ்சி குடித்தார்.

பெரியவன் மறுநாள் மாலை வந்து சேர்ந்தான். இரண்டு விமானம் மாறி, ஒன்று தாமதமாகி, கடைசியில் நாலு மணி நேரம் பேருந்தில் வந்திருந்தான். சட்டை கசங்கி, முகம் எண்ணெய் வழிந்து, ஒரு காலணியில் ஏதோ காய்ந்துபோய் வெள்ளையாக ஒட்டியிருந்தது. பேருந்தில் பக்கத்து சீட்டுக் குழந்தை வாந்தி எடுத்துவிட்டதாம். அறைக்குள் வந்ததும் அதைத்தான் முதலில் சொன்னான்.

"மனுஷன் வர்ற வழியா இது? என் பெட்டி வேற வந்து சேரல. ஒரு காபி வாய்ல வைக்க முடியல. அந்தக் கழிவறைகளைப் பாக்கணுமே, கண்றாவி! எனக்கு உடம்பெல்லாம் கூசுது." சுவரில் சாய்ந்துகொண்டு, உட்கார எந்த இடம் சுத்தம் என்று பார்த்தபடியே பேசிக்கொண்டிருந்தான். ரொம்ப நேரம் பேசினான். கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பா, மகனைத் தலையிலிருந்து கால்வரை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இளைச்சுட்டியேப்பா" என்றார்.

"ம்... நீங்க எப்படி இருக்கீங்கப்பா?" என்று அப்போதுதான் கேட்டான். தொடவில்லை. கட்டிலுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடைவெளி இருந்தது.

"நான் வழியெல்லாம் யோசிச்சேன்" என்றான் பிறகு, கைப்பேசியை எடுத்துக்கொண்டே. "இந்த நிலைமைல அப்பாவை அங்கயும் இங்கயும் இழுத்தடிக்கிறது பாவம். இந்த ஊர்லயே ஒரு முதியோர் இல்லம் இருக்கு. நல்லா இருக்குன்னு போட்டிருக்கான். நர்ஸ் இருக்காங்க. இங்க பாரு." படத்தை நீட்டினான். இப்போது நீலக் கோடுகள் இரண்டு இருந்தன. "உன் ஊர்லேர்ந்து ஐநூத்தி எழுபது கிலோமீட்டர். என் ஊர்லேர்ந்து ஐநூத்தி அறுபத்தஞ்சு. கிட்டத்தட்ட சரிபாதி. யாருக்கும் கூடவும் இல்ல, குறையவும் இல்ல. மாத்தி மாத்தி வந்து பாத்துக்கலாம்."

சின்னவளுக்கு முதலில் புரியவில்லை. வாந்தி காய்ந்த காலணியோடு, ஒரு பகலும் ஒரு இரவும் அலைந்து வந்தவன், அந்த வழியின் ஒவ்வொரு குலுக்கலிலும் இதைத்தான் அளந்துகொண்டு வந்திருக்கிறான். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அவர் காதுபடவே, ஒரு மேசையை எந்தச் சுவரோரம் போடலாம் என்று கேட்பதைப் போலக் கேட்கிறான்.

"யாருண்ணா வந்து பாப்பா? நீயா?"

"ஏன், இப்ப வரலியா?"

"நான் என்னடா சுங்கச்சாவடியா, நடுரோட்டுல நிக்கிறதுக்கு?" என்றார் அப்பா.

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு வயிற்றை ஆட்டியதில் தகடு விட்டுக்கொண்டது. சட்டை நனைந்தது. வாசனை அறையை நிறைத்தது.

சின்னவள் எழுந்தாள். புதுப் பையையும் கத்தரிக்கோலையும் ஈரத் துணியையும் எடுத்துப் பெரியவன் முன்னால் மேசைமேல் வைத்தாள்.

"நீ மாத்து. நான் சொல்லித் தர்றேன்."

"நானா? எனக்கு... எனக்கு இதெல்லாம் வராது."

"எனக்கும் பொறக்கும்போதே வரல."

அவன் ஒரு அடி முன்னால் வைத்தான். அதை மறுக்க முடியாது, வைத்தான். அப்பா கூச்சத்தோடு சட்டையை விலக்கினார். பெரியவன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினான். அவன் முகம் கோணிப் போய், உதடு மேலே இழுத்துக்கொண்டு, கண் சுருங்கி, தெருவில் செத்துக் கிடக்கும் எலியைத் தாண்டுகிறவன் முகமாக ஆயிற்று. அப்பா அந்த முகத்தைப் பார்த்தார். அவர் சிரிப்பு அத்தோடு நின்றது.

"நீ வெளியே இருப்பா. கதவைச் சாத்திட்டுப் போ" என்றார்.

பெரியவன் போனான். கதவு மூடிய சத்தம் கேட்டது.

சின்னவள் துடைத்தாள். அவளுக்கும் குமட்டியது. மூச்சை வாயால் இழுத்துக்கொண்டு, வேறு எதையோ நினைத்துக்கொண்டாள், கை அதன் பாட்டுக்கு வேலையைச் செய்தது. இந்த முறை ஓட்டை அளவாக வந்தது. நாலு பக்கமும் அழுத்தி ஒட்டினாள். அப்பா அவள் தலையில் கை வைக்கவில்லை. தன் இரண்டு கையையும் உடம்பிலிருந்து தள்ளித் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார், தொட்டால் அவளுக்குப் பட்டுவிடும் என்பதைப் போல.

அழுக்கைப் பொதிந்து எடுத்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள். பெரியவன் தாழ்வாரத்தின் கோடியில் ஜன்னலைத் திறந்துவைத்து நின்றிருந்தான். கையில் கைப்பேசி. அவன் அழுதுகொண்டிருப்பான் என்று ஒரு கணம் எதிர்பார்த்தாள். அழுதிருந்தால் அவள் இளகியிருப்பாள். அவன் திரும்பிப் போகிற விமானம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ கிளம்பு. அப்பாவை நான் ரயில்ல எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். இனிமே ஆறு மாசம், அஞ்சு மாசம்னு ஒண்ணும் வேணாம்."

"இல்ல, நான் என்ன சொல்றேன்னா..."

"ஒண்ணும் சொல்லாத."

அவன் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. மறைக்கப் பார்த்தான். முடியவில்லை. தோள் இரண்டும் இறங்கி, நெற்றி விரிந்து, வாய் ஓரத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. அந்த இரண்டு நாளில் அவள் கையாலும் கண்ணாலும் மூக்காலும் எத்தனையோ அசிங்கத்தைத் தாண்டி வந்திருந்தாள். எல்லாவற்றையும் தண்ணீர் ஊற்றிக் கழுவ முடிந்தது. இதற்கு என்ன ஊற்றுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் மேல் படாமல், சுவரோடு ஒட்டி நடந்து, மூட்டையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

"உனக்குத்தான் அப்பாகிட்ட பாசம் அதிகம். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்" என்றான் அவன், போகும்போது, நெகிழ்ந்த குரலில்.

"சீ, போ" என்றாள் சின்னவள். கோபத்தில் அவனை அவள் பல தடவை பேசியிருக்கிறாள். இந்தச் சீயை மட்டும் அதுவரை சொன்னதில்லை.

ரயில் ஒரு இரவும் ஒரு பகலும் ஓடியது. கீழ்ப் படுக்கையில் அப்பா காலை நீட்டிப் படுத்திருந்தார். கழிவறை நாலு எட்டில் இருந்தது. பை உப்பவில்லை. எதிர்ப் படுக்கைக்காரர் ஒரு கிழட்டு வியாபாரி. ஒருமுறை மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "வயித்து ஆபரேஷனா? என் மச்சானுக்கும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு குறட்டை விட ஆரம்பித்தார். மறுநாள் அப்பா இரண்டு ரொட்டி முழுதாகச் சாப்பிட்டார். மெக்கானிக் ஸ்டேஷனுக்கு வந்திருந்தான். ஒரு கேள்வியும் கேட்காமல் பெட்டியை வாங்கிக்கொண்டான்.

அப்பா இப்போதும் சின்னவள் வீட்டில்தான் இருக்கிறார். பை மாற்றும்போது அவளுக்கு இன்றைக்கும் குமட்டத்தான் செய்கிறது. பழகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள், பழகவில்லை. முகத்தைக் காட்டாமல் இருக்க மட்டும் கற்றுக்கொண்டிருக்கிறாள். அவளால் முடியாத நாளில் மெக்கானிக் செய்கிறான். லிஃப்டுக்கு கிரீஸ் வைக்கிறவன் கை என்பதால் அவன் ஒட்டினால் கசிவதே இல்லை என்று அப்பா கேலி செய்வார்.

பெரியவன் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்கிறான். அப்பா அவனோடு பேசுகிறார். மழை உண்டா, பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள், புதுக் காரின் டயருக்குக் காற்று எவ்வளவு வைத்திருக்கிறாய், நீண்ட தூரம் போகும்போது கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டாதே. குரலில் ஒரு குறையும் இருக்காது. அந்த விடுதி அறையைப் பற்றி அவர் ஒருநாளும் யாரிடமும் பேசியதில்லை. ஒருமுறை அவளிடம், "அவன் சின்னப் பிள்ளையில வண்டில வந்தாலே வாந்தி எடுப்பான். அவனுக்கு வயிறு கொஞ்சம் பலவீனம்" என்றார்.

பேச்சு முடிகிற நேரத்தில், "தங்கச்சி பக்கத்துல இருக்காளா? குடுங்க" என்று அவன் கேட்பது அவள் காதிலும் விழும். அப்பா போனைப் பாதி நீட்டியபடி அவளை நிமிர்ந்து பார்ப்பார். அவள் தலையை ஆட்டிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விடுவாள்.

"துணி காயப்போடப் போயிருக்காப்பா" என்று அப்பா சொல்வது கேட்கும்.